பெரியண்ணன் நமக்குப் புதியவரா?

ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய ‘1984’ நாவலைப் புக்கிட் பெருந்துங்கில் நாங்கள் சிலர் ஒரே சமயத்தில் வாசித்தோம். இளையவர்கள் ஆங்கிலத்தில் வாசித்தார்கள். தமிழே வசதி என்றவர்களுக்கு க.நா.சுப்ரமண்யத்தின் மொழிபெயர்ப்பு கைமாறிக் கைமாறிப் போனது. கண் மங்கிய ஒரு பெரியவருக்கு அவருடைய பேத்தி இரவில் வாசித்துக் காட்டினாள். முடித்த பிறகு ஆளுக்கொரு கருத்து. ஒருவர் சொன்னதை மற்றவர் ஏற்கவில்லை. அந்தக் கருத்துகளைத்தான் இந்த வாரம் உங்கள் முன் வைக்கிறேன்.

நாவலைப் படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓசியானியா என்றொரு நாடு. அதை ஒரே ஒரு கட்சி ஆள்கிறது. தலைவருக்குப் ‘பெரியண்ணன்’ என்று பெயர். சுவரெல்லாம் அவர் முகம்தான். ஆனால் அவரை நேரில் பார்த்தவர் என்று யாரையும் கதையில் காணோம். கட்சிக்காரர்களின் வீடுகளில் தொலைத்திரை இருக்கிறது. அதை நாம் பார்க்கலாம். அதுவும் நம்மைப் பார்க்கும். வின்ஸ்டன் ஸ்மித் என்பவனுக்கு உண்மை அமைச்சில் வேலை. பழைய பத்திரிகைகளைத் திருத்துவதுதான் அந்த வேலை. கட்சி முன்பு சொன்னது இன்றைக்குப் பொய்யாகிவிட்டால், முன்பு வந்த பத்திரிகையையே மாற்றி அச்சடிப்பார்கள். பழைய பிரதி நெருப்புக்குப் போகும். சாக்லேட் பங்கீட்டை 30 கிராமிலிருந்து 20 கிராமாகக் குறைத்துவிட்டு, 20 கிராமாக உயர்த்தியதற்கு நன்றி சொல்லி ஊர்வலம் நடந்ததாக அறிவிப்பார்கள். வின்ஸ்டன் நாட்குறிப்பு எழுதத் தொடங்குகிறான். ஜூலியா என்ற பெண்ணை நேசிக்கிறான். இரண்டும் அங்கே குற்றம். பிடிபடுகிறான். கடைசியில் பெரியண்ணனை மனதார நேசிக்கும் அளவுக்கு அவனை மாற்றிவிடுகிறார்கள்.

இதை எழுதியவர் நமக்கு முற்றிலும் அந்நியரும் அல்ல. ஆர்வெல் 1903ஆம் ஆண்டு பீகாரின் மோதிஹாரியில் பிறந்தவர். அவர் தந்தை பிரிட்டிஷ் ஆட்சியின் அபின் துறையில் வேலை பார்த்தார். ஆர்வெல் 1922 முதல் 1927 வரை பர்மாவில் காலனிப் போலீஸ் அதிகாரியாக இருந்தார். இரண்டாம் உலகப் போரின்போது பிபிசியில் இந்தியாவுக்கான ஒலிபரப்பில் பணியாற்றினார். அதிகாரம் எப்படி நடக்கிறது என்பதை அவர் உள்ளே இருந்தே பார்த்தவர். நாவல் 1949 ஜூன் 8ஆம் தேதி வெளிவந்தது. ஏழே மாதத்தில், 1950 ஜனவரியில், காசநோயால் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 46.

“இதுல என்னா புதுசு?”

எண்பதைத் தாண்டிய அந்தப் பெரியவரிடமிருந்துதான் முதல் கருத்து வந்தது. வட சிலாங்கூர் தோட்டமொன்றில் பிறந்து, பால்மரம் வெட்டி, செம்பனைக்கு மாறி, ஓய்வு பெற்றவர்.

“இதுல என்னா தம்பி புதுசா இருக்கு? விடியுறதுக்கு முந்தி பெரட்டுல பேரு கூப்பிடுவாங்க. யாரு வந்தான், யாரு வரல, எத்தனை ராத்தல் பால் எடுத்தான், எல்லாம் கிராணி நோட்டுல இருக்கும். நம்ம வீட்டுக்கு மச்சான் வந்து ராத்தங்கினா, மறுநாள் காலையில கிராணிக்குத் தெரிஞ்சிடும். அங்க தொலைத்திரை எதுக்கு?”

சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவர் சொன்னதற்கு வரலாற்றில் சாட்சி உண்டு. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கி சிலாங்கூர் தோட்டங்களில் பரவிய வேலைநிறுத்தத்தை நினைத்துப் பாருங்கள். ஆர்.எச். நாதன் முன்னின்ற அந்தப் போராட்டத்தில் தொழிலாளர்கள் கேட்டது கூலி உயர்வு மட்டுமல்ல. உறவினர்களும் நண்பர்களும் தடையில்லாமல் தோட்டத்துக்குள் வந்து போக வேண்டும் என்று கேட்டார்கள். பேசவும் கூடவும் உரிமை கேட்டார்கள். தொரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். புகார் செய்தவர்களைப் பழிவாங்கக் கூடாது என்றும் ஒரு கோரிக்கை இருந்தது. பதிலுக்கு நாதன் கைதாகி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். இராணுவம் வந்தது, தொழிலாளர்கள் சிலர் உயிரிழந்தார்கள். ஆர்வெல் இந்த நாவலை எழுதுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முந்திய கதை இது.

பெரியவர் அடுத்துச் சொன்னது அவசரகாலத்தைப் பற்றி. 1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. நம் நாட்டில் அடையாள அட்டை அறிமுகமானது அந்த ஆண்டில்தான். 1950இல் வந்த பிரிக்ஸ் திட்டத்தில் சுமார் ஐந்து லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். தோட்டங்களிலும் சிதறிக் கிடந்த லயங்களை ஒன்றுசேர்த்துக் கம்பி வேலி போட்டார்கள். காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போகக் கூடாது என்பதற்காக அரிசிக்குப் பங்கீடு வந்தது. கடையில் டின் உணவு வாங்கினால் அங்கேயே ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார்கள். வேலைக்காட்டுக்குப் போகும்போது வாசலில் சோதனை.

“எங்கம்மா மடியில ஒரு பிடி சோறு கட்டிக்கிட்டுப் போக முடியாது. பசியோட வெட்டிட்டு வருவாங்க” என்றார் பெரியவர். சிரித்தவர்கள் அமைதியானார்கள்.

வேலியா, கள்ளுக்கடையா?

இரண்டாவது கருத்து கோலாலம்பூரில் கணினித் துறையில் வேலை செய்யும் ஓர் இளைஞருடையது. தினமும் கொமுட்டர் ரயிலில் போய் வருபவர். ஆர்வெல் காலாவதியாகிவிட்டார் என்பது அவர் வாதம். “இப்ப யாரும் நம்ம வீட்டுல கேமரா கொண்டாந்து மாட்ட வேணாம் அண்ணே. நாமளே காசு கொடுத்து வாங்கி மாட்டிக்கிறோம்” என்றார். அல்டஸ் ஹக்ஸ்லி 1932இல் எழுதிய ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ நாவல்தான் நம் காலத்துக்குப் பொருத்தம் என்பது அவர் கட்சி. அந்த நாவலில் அடி உதை அதிகமில்லை. கவலை வந்தால் மக்கள் ‘சோமா’ என்ற மாத்திரையைப் போட்டுக்கொண்டு மகிழ்ச்சியாகிவிடுவார்கள். கைப்பேசியில் விரலைத் தள்ளிக்கொண்டே இரவு இரண்டு மணியாக்கும் நமக்கு அந்த மாத்திரை நன்றாகவே தெரியும் என்றார்.

ஹக்ஸ்லி ஈட்டன் பள்ளியில் ஆர்வெலுக்குச் சில காலம் பிரெஞ்சு கற்றுக்கொடுத்தவர். ‘1984’ வெளிவந்த அதே ஆண்டில் ஆர்வெலுக்குக் கடிதம் எழுதி, வருங்கால ஆட்சியாளர்கள் பூட்ஸ் காலால் மிதிப்பதைவிடச் சுலபமான வழியைக் கண்டுபிடிப்பார்கள் என்ற பொருளில் வாதிட்டார். இளைஞர் சொன்னதும் அதேதான்.

ஆனால் நம் தோட்ட வரலாற்றை வைத்துப் பார்த்தால் இந்த வழக்கில் இரண்டு பேருமே ஜெயிக்கிறார்கள். தோட்டத்தில் பெரட்டும் இருந்தது, கள்ளுக்கடையும் இருந்தது. காலையில் ஆர்வெல், மாலையில் ஹக்ஸ்லி. 1941இல் போராடியவர்கள் இரண்டையும் ஒரே கோரிக்கைப் பட்டியலில் வைத்தார்கள். அவர்கள் இந்த இரண்டு நாவலையும் படித்திருக்க வாய்ப்பில்லை. வாழ்ந்தே தெரிந்துகொண்டார்கள்.

மறைந்துபோன சொற்கள்

தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவரை நாவலில் அதிகம் பாதித்தது ‘நியூஸ்பீக்’ என்ற புதுமொழி. கட்சி ஆண்டுதோறும் அகராதியைச் சுருக்கிக்கொண்டே போகும். சொல் இல்லாவிட்டால் அந்த எண்ணமும் வராது என்பது கட்சியின் கணக்கு.

“என் வகுப்புப் பிள்ளைங்ககிட்ட பெரட்டுன்னா என்னன்னு கேட்டேன். ஒருத்தருக்கும் தெரியல. மங்கு, கோட்டுப்பால், வேலைக்காடு, எதுவும் தெரியல. யாரும் இந்தச் சொல்லையெல்லாம் தடை பண்ணலையே” என்றார்.

தொழில் போனால் தொழிலின் சொல்லும் போவது இயற்கைதானே என்று ஒருவர் கேட்டார். ஆசிரியை விடவில்லை. “போகட்டும். ஆனா தாத்தா பாட்டி பட்டதைச் சொல்ல அந்தச் சொல்தானே இருக்கு? அது போயிட்டா அந்தக் கதையை எதைவெச்சுச் சொல்றது?” இதற்கு யாரிடமும் பதில் இல்லை.

ஜூலியாவுக்கு நியாயம் இல்லை

ஒரு தாதி சொன்ன கருத்து வேறு மாதிரி. ஆர்வெல் வின்ஸ்டனின் தலைக்குள் புகுந்து எழுதினார். ஜூலியாவை வெளியிலிருந்தே பார்த்தார். அவள் எப்படி வாழ்ந்தாள், எதற்குப் பயந்தாள் என்று அவருக்குத் தெரியவில்லை. “ரெண்டு ஷிப்ட் பார்த்துட்டு வந்து இதைப் படிச்சா தூக்கம் போயிடுது. கடைசியில ஒரு வெளிச்சமாவது வெச்சிருக்கலாம்” என்றார்.

ஜூலியாவைப் பற்றிய குறையை உலகமும் உணர்ந்திருக்கிறது. சான்ட்ரா நியூமன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2023இல் அதே கதையை ஜூலியாவின் கோணத்தில் ‘ஜூலியா’ என்ற நாவலாக எழுதினார். வெளிச்சத்தைப் பொறுத்தவரை, நாவல் முடிந்த பின் வரும் பிற்சேர்க்கையைத் தவறவிடாதீர்கள். புதுமொழியை விளக்கும் அந்தப் பகுதி முழுவதும் இறந்த காலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அப்படியானால் அதை எழுதும் காலத்தில் அந்த ஆட்சி இல்லை என்றுதானே பொருள் என்று மார்கரெட் அட்வுட் போன்றவர்கள் வாதிடுகிறார்கள். அமெரிக்கப் பதிப்புக்காக அதை வெட்டச் சொன்னபோது ஆர்வெல் மறுத்துவிட்டார்.

பழையதைத் திருத்துவது

எல்லாரும் பேசி முடித்த பிறகு என் கருத்தையும் கேட்டார்கள். எனக்குத் தொலைத்திரையைவிடப் பயம் தருவது வின்ஸ்டனின் வேலைதான். நடந்ததை நடக்கவில்லை என்றும், நடக்காததை நடந்தது என்றும் எழுதும் வேலை. அதற்கு உதாரணம் தேடி லண்டனுக்குப் போக வேண்டியதில்லை. நமக்குப் பக்கத்தில் பத்தாங் காலி இருக்கிறது.

1948 டிசம்பர் 12ஆம் தேதி, பத்தாங் காலிக்கு அருகே சுங்கை ரெமோக் தோட்டத்தில் பிரிட்டிஷ் இராணுவத்தின் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் பிரிவினர் ஆயுதமில்லாத 24 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். தப்பியோட முயன்றபோது சுடப்பட்டார்கள் என்பது அரசாங்கத்தின் விளக்கம். அதுவே ஆவணத்திலும் நின்றது. 1970இல் அந்தப் படையில் இருந்த சிலர் மனம் பொறுக்காமல், யாரும் ஓடவில்லை என்று ஒரு பிரிட்டிஷ் பத்திரிகையிடம் சொன்னார்கள். லண்டனில் தொடங்கிய விசாரணை, ஆட்சி மாறியதும் அதே ஆண்டில் கைவிடப்பட்டது. குடும்பத்தார் விடவில்லை. வழக்கு பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2015 நவம்பரில், பொது விசாரணை நடத்த அரசாங்கத்தைக் கட்டாயப்படுத்த முடியாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். நீதிபதி லேடி ஹேல் மட்டும் மாறுபட்டார்.

இதையும் ஓசியானியாவையும் ஒன்றாக்கக் கூடாது என்று கணினி இளைஞர் குறுக்கிட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஓசியானியாவில் செத்தவனின் பெயரே பதிவிலிருந்து போய்விடும். அவனுக்காக வழக்குப் போட ஆள் இருக்காது. இங்கே 24 பேரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் 60 ஆண்டுகள் கழித்தும் நீதிமன்ற வாசலில் நின்றார்கள். அவசரகாலமும் 1960 ஜூலை 31இல் முடிவுக்கு வந்தது. காட்டுக்குள் இருந்தவர்களும் தோட்டத்து மக்களைக் கொன்றிருக்கிறார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. அதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. 2009 ஜூலையில் அமேசான் நிறுவனம், உரிமைச் சிக்கலைக் காரணம் காட்டி, வாசகர்கள் காசு கொடுத்து வாங்கிய சில மின்னூல்களை அவர்களுடைய கிண்டில் கருவிகளிலிருந்து தூரத்தில் இருந்தபடியே அழித்தது. அழிந்தவற்றில் ஒன்று ‘1984’! பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். அலமாரியில் இருக்கும் காகிதப் புத்தகத்தை அப்படி யாரும் எடுத்துவிட முடியாது.

நம் தோட்டங்களின் கதைக்கும் அந்தக் காகிதம் வேண்டும். நாம் குடியிருக்கும் இந்தப் புக்கிட் பெருந்துங்கைச் சுற்றி ஒரு காலத்தில் ரப்பரும் செம்பனையும்தான். 1990களில் வீடமைப்புத் திட்டம் வந்தது. 1997 பொருளாதார நெருக்கடிக்குப் பின் பல வீடுகள் ஆளில்லாமல் கிடந்ததை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். லயம் இருந்த இடம் எது, கோயில் எங்கே இருந்தது, வேலி எதுவரை போனது என்று கைகாட்டிச் சொல்லக்கூடியவர்கள் வட்டாரத்தில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வயது எண்பதைத் தாண்டிவிட்டது.

அதனால் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாவலை வாசியுங்கள், பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். ஆனால் வரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உள்ள தாத்தா பாட்டியிடம் உட்கார்ந்து, எந்தத் தோட்டம், எத்தனையாவது லயம், கங்காணி யார், அவசரகாலத்தில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். கைப்பேசியில் பதிவு செய்தாலும், ஒரு நோட்டில் தேதி போட்டுத் தமிழிலேயே எழுதி வையுங்கள். பெரட்டு என்றால் பெரட்டு என்றே எழுதுங்கள். பொருளைப் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்.

எங்கள் பெரியவரின் பேத்தி எழுதத் தொடங்கிவிட்டாள். இதுவரை பதினொரு பக்கம் வந்திருக்கிறதாம்.