அமிர்தசரஸில் நான்கு இரவுகள்



'லொட்ஜ்' என்ற சொல்லைக் கேட்டதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? எனக்குக் கொட்டாஞ்சேனையில் ஓர் ஒடுங்கிய மாடிப்படி நினைவுக்கு வரும். 2005இல் அண்ணாவின் வெளிநாட்டுப் பயண அலுவலாக அம்மாவும் நானும் அங்கே முப்பத்தெட்டு நாட்கள் தங்கியிருந்தோம். ஓர் அறை, இரண்டு கட்டில்கள், உடுப்புக் காயப்போட ஒரு கொடிக்கயிறு. இரவில் யாராவது கதவைத் தட்டினால் அம்மா முதலில் தேடுவது அடையாள அட்டையைத்தான். 2007 யூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்கள் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டதும், மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்ததும் உங்களில் பலருக்கு ஞாபகமிருக்கும். எங்களுக்குத் தங்குவிடுதி என்பது உல்லாசப் பயணத்தோடு சேர்ந்த சொல் அல்ல. காத்திருப்போடும் பயத்தோடும் சேர்ந்த சொல்.

இந்த மாதம் வேறு ஒரு விடுதியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

2018 நவம்பரில் சமூகப் பணியாளர்களுக்கான பயிற்சி ஒன்றுக்காகப் புதுடில்லிக்குப் போயிருந்தேன். என்னோடு வந்தவர் புத்தளத்தில் வாழும் முஸ்லிம் சகோதரி. எட்டு ஆண்டுகளாக ஒரே அலுவலகத்தில் ஒன்றாகப் பணியாற்றுகிறோம். பயிற்சி முடிந்ததும் சில நாட்கள் மிஞ்சின. பொற்கோயிலைப் பார்க்கலாம் என்று அமிர்தசரஸுக்குப் புகையிரதம் ஏறினோம். ஏறக்குறைய ஆறு மணித்தியாலப் பயணம்.

அமிர்தசரஸ் பஞ்சாப் மாநிலத்தின் எல்லை நகரம். சீக்கியரின் நான்காவது குருவான ராம்தாஸ் 1577இல் நிறுவியது. அங்கிருந்து லாகூர் சுமார் 50 கிலோமீற்றர்தான். ஒரு காலத்தில் காலையில் போய் மாலையில் திரும்பும் தூரம். 1947இல் அந்த இரு நகரங்களுக்கும் நடுவே எல்லை கீறப்பட்டது. கீறியவர் அதற்கு முன்னர் இந்தியாவையே பார்த்திராத சிரில் ராட்கிளிஃப் என்ற ஆங்கிலேயச் சட்டத்தரணி. எல்லை எங்கே என்பது பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது ஓகஸ்ட் 17ஆம் திகதி, அதாவது இரு நாடுகளும் சுதந்திரம் பெற்ற பிறகு. தாங்கள் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று தெரியாமலேயே மக்கள் சுதந்திரத்தைச் சந்தித்தார்கள். ஒரு கோடிக்கும் அதிகமானோர் இடம்பெயர்ந்தனர். அமிர்தசரஸ் நகரில் அதற்கு முன் ஏறக்குறைய பாதிப்பேர் முஸ்லிம்கள். சில வாரங்களில் அவர்கள் அநேகமாக எல்லோருமே போய்விட்டார்கள்.

நாங்கள் தங்கிய விடுதி பழைய நகரத்தின் ஓர் ஒடுங்கிய சந்தில் இருந்தது. மூன்று மாடிச் செங்கல் வீடு. மேலே நான்கு அறைகள் விருந்தினருக்கு, கீழே குடும்பம். கதவைத் திறந்தவர் நாற்பது வயதைத் தாண்டிய பெண். எங்கள் கடவுச்சீட்டுகளைக் கேட்டார். இந்தியாவில் வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் எவரும் 24 மணித்தியாலத்துக்குள் அதிகாரிகளுக்குப் படிவம் அனுப்ப வேண்டும். கடவுச்சீட்டைக் கொடுக்கும்போது என் கை தயங்கியது. அதை அவர் கண்டிருக்க வேண்டும். எங்கள் முன்னாலேயே விபரங்களைப் பதிந்து, அப்போதே திருப்பித் தந்தார். "இது உங்கள் கையில் இருந்தால்தான் உங்களுக்கு நித்திரை வரும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார்.

அறையில் இரண்டு கட்டில்களும் பாரமான பஞ்சுப் போர்வைகளும் இருந்தன. குளிருக்குச் சுடுதண்ணீர் வாளியில் வரும். காலைச் சாப்பாட்டோடு ஒரு நாளைக்கு 900 இந்திய ரூபா. சமையல் மாமியாருடையது. எண்பது வயது. எல்லோரும் 'பீஜி' என்று அழைக்கிறார்கள். பஞ்சாபியில் மூத்த தாய்க்குச் சொல்லும் மரியாதைச் சொல். அவர் அடுப்படியில் இருந்தபடியே உருளைக்கிழங்கு வைத்த பராட்டாவைத் தட்டிப் போட்டு, தயிரும் ஊறுகாயும் தருவார். ஒன்று போதும் என்றால் கோபம் வரும்.

சமூகவியல் படித்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. 'குடும்பத் தொழில்' என்று யாராவது சொன்னால், அந்தக் குடும்பத்தில் வேலை செய்வது யார், காசை வைத்திருப்பது யார் என்று கேட்போம். பெரும்பாலும் இரண்டும் ஒரே ஆளாக இருப்பதில்லை. இரண்டாம் நாள் அதை மருமகளிடம் கேட்டேன். அவர் உள்ளே போய்ச் சிவப்புத் துணி அட்டை போட்ட நீளமான கணக்குப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார்.

அவருடைய கணவர் 2009இல் மாரடைப்பால் இறந்துவிட்டார். இரண்டு பிள்ளைகளும் சிறியவர்கள். வீட்டை விற்றுவிட்டுத் தாய்வீட்டுக்குப் போகும்படி உறவினர்கள் சொன்னார்களாம். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் சீக்கியருக்கும் பொருந்தும். அதன்படி இறந்தவரின் தாய்க்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. பீஜி கையெழுத்து வைக்க மறுத்துவிட்டார். "கோயிலுக்கு வருகிறவர்களுக்கு அறை தேவை, எங்களுக்குச் சோறு தேவை" என்றாராம். அப்படித் தொடங்கியது இந்த விடுதி. மரணச் சான்றிதழ் இல்லாததால் காணி உறுதியை மாற்ற முடியாமல் நிற்கும் எங்கள் சகோதரிகளை அந்த இடத்தில் நினைத்துக்கொண்டேன்.

கணக்குப் புத்தகத்தில் பால், எரிவாயு, மின்சாரம், சலவைக்காரர் என்று ஒவ்வொன்றும் எழுதப்பட்டிருந்தது. அவற்றுக்குக் கீழே இரண்டு வரிகள்: பீஜியின் சம்பளம், மருமகளின் சம்பளம். "வீட்டு வேலைக்கு வீட்டாருக்கே சம்பளமா?" என்று என் தோழி கேட்டார். "எழுதாவிட்டால் அது வேலை என்று என் மகனுக்கே தெரியாது" என்றார் அவர். சகோதரிகளே, நீங்கள் அப்பம் சுட்டு விற்றாலும், கோழி வளர்த்தாலும், வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விட்டாலும் இந்த இரண்டு வரிகளை மறக்காதீர்கள்.

மூன்றாம் நாள் மாலை நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அந்த வீட்டின் வெளிவாசலுக்கு மேலே ஒரு கல் பதித்திருந்தது. சுவர் முழுவதும் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருக்க, அந்தக் கல்லை மட்டும் விட்டுவிட்டு அடித்திருந்தார்கள். செருப்பைக் கழற்றும்போது என் தோழி நிமிர்ந்து பார்த்து, சத்தமாக வாசித்தார். "மாஷா அல்லாஹ்." கீழே 1931 என்ற ஆண்டு. திண்ணையில் இருந்த பீஜி எழும்பி வந்தார். "உனக்கு அதை வாசிக்கத் தெரியுமா?" என்று மருமகள் மூலம் கேட்டார். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அந்த வாசலைக் கூட்டுகிறார். அது கடவுளின் பெயர் என்று தெரியும். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. அவர் பள்ளிக்கூடம் போனவர் அல்லர். "இறைவன் நாடியபடி நடந்தது என்று அர்த்தம்" என்று தோழி சொன்னார். பீஜி அதை இரண்டு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

அதன் பிறகுதான் கதை வந்தது. பீஜி லாகூரில் பிறந்தவர். ஒன்பது வயதில் ஒரு லொறியில் இங்கே வந்து சேர்ந்தார். இந்த வீடு அவருடைய கணவரின் குடும்பத்துக்கு 1948இல் ஒதுக்கப்பட்டது. அவர்களும் அங்கிருந்து எல்லாவற்றையும் விட்டு வந்த அகதிகள்தான். வெளியேறியவர்களின் சொத்து என்று அரசு பொறுப்பேற்ற வீடுகளில் இதுவும் ஒன்று. பீஜி மருமகளாக வந்தபோது அவருடைய மாமியார் சொன்னாராம்: "அந்தக் கல்லில் சுண்ணாம்பு படக்கூடாது. எங்களுக்கு முன் ஒருத்தி இந்த வாசலைக் கூட்டியிருக்கிறாள்." அந்த வீட்டுக்காரர் யாராவது வந்தார்களா என்று கேட்டேன். இல்லை, இன்றுவரை ஒருவரும் வரவில்லை என்றார். பிறகு, கேட்காமலேயே ஒன்றைச் சொன்னார். லொறியில் ஏறும்போது அவருடைய அக்காவும் கூட இருந்தாராம். இறங்கும்போது இல்லை. அதற்கு மேல் அவர் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அன்று இரவு விளக்கை அணைத்த பிறகு என் தோழி பேசத் தொடங்கினார். "எங்கட வீட்டு நிலையிலயும் இப்பிடித்தான் எழுதியிருந்ததாம். வாப்பா சொல்லுவார்." அவருடைய குடும்பம் யாழ்ப்பாணம் சோனகத் தெருவைச் சேர்ந்தது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றினார்கள். அந்த ஒரு மாதத்தில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் 70,000க்கும் அதிகமானோர். அவருக்கு அப்போது நான்கு வயது. "உம்மா அடுப்பில சோறு இருக்க இருக்க இறங்கினவ. 2003இல வாப்பாவோட போய்ப் பாத்தன். கூரையும் இல்லை, நிலையும் இல்லை. எழுத்தோட கழட்டிக்கொண்டு போயிட்டாங்கள்."

எட்டு ஆண்டுகள் ஒன்றாக வேலை செய்திருக்கிறோம். ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறோம். எத்தனையோ வீடுகளுக்குப் போய், எத்தனையோ பெண்களிடம் இடம்பெயர்வு பற்றிக் கேட்டுப் படிவம் நிரப்பியிருக்கிறேன். பக்கத்துக் கதிரையில் இருந்தவரிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. எங்கள் குடும்பம் வலிகாமத்தை விட்டு நடந்ததும் ஒக்டோபர் 30தான். ஆண்டு 1995. அந்தத் திகதி வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில் அந்தக் கதை நடக்கும். அதே திகதியில், ஐந்து ஆண்டுகள் முந்தி, அதே ஊரில் இன்னொரு கதை இருந்தது என்பதை நாங்கள் பேசியதே இல்லை.

மறுநாள் நகர மண்டபத்தில் உள்ள பிரிவினை அருங்காட்சியகத்துக்குப் போனோம். 2017 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. பூவேலைத் தையல் போட்ட ஒரு மேற்சட்டையும் ஒரு தோல் பெட்டியும் அங்கே இருக்கின்றன. திருமணம் பேசி முடித்திருந்த ஒரு பெண்ணும் ஆணும் பிரிவினையில் தனித்தனியாகத் தப்பி வந்து, அமிர்தசரஸ் அகதி முகாமில் சாப்பாட்டு வரிசையில் மீண்டும் சந்தித்தார்களாம். பின்பு திருமணமும் நடந்தது. அந்த ஓட்டத்தில் அவர்கள் கொண்டுவந்தவை அவை. அதே கட்டடத்தில் ஒரு கிணறும் அமைத்திருக்கிறார்கள். மானத்துக்கு அஞ்சிக் கிணற்றில் குதித்த பெண்களுக்கான நினைவு. நாங்கள் இருவரும் அந்த இடத்தில் நெடுநேரம் நின்றோம்.

கடத்தப்பட்ட பெண்களை மீட்பதற்காக இந்தியா 1949இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. திரும்பி வர விரும்புகிறாயா என்று அந்தச் சட்டம் பெண்ணைக் கேட்கவில்லை. மீட்கப்பட்டவர்களில் சிலரைக் குடும்பங்கள் ஏற்கவில்லை. சிலர் பெற்ற பிள்ளைகளை விட்டுவிட்டு வர நேர்ந்தது. ஊர்வசி புட்டாலியாவும், ரிது மேனன், கமலா பாசின் ஆகியோரும் அந்தப் பெண்களைத் தேடிப் போய்க் கேட்டு எழுதிய நூல்கள் வெளிவந்தது 1998இல். பல பத்தாண்டுகள் சென்ற பிறகுதான் அந்தக் கேள்விகள் கேட்கப்பட்டன. பீஜியின் மௌனம் எனக்கு அப்போது விளங்கியது.

ஊர் திரும்பியதும் அம்மாவிடம் அந்த வாசற்கல்லைப் பற்றிச் சொன்னேன். அம்மா நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு எங்கள் குசினிக் கதவைக் காட்டினார். "இந்த நிலை 1992இல பழைய மரமெண்டு மலிவா வாங்கினது. எங்கயிருந்து வந்ததெண்டு அப்பா கேக்கேல்ல. நானும் கேக்கேல்ல." அதில் எழுத்து எதுவும் இல்லை. இழைத்து வர்ணம் பூசியிருக்கிறது. யாருடையது என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து அந்தக் கதவால் நான் சும்மா போய் வருவதில்லை. என் தோழியிடமும் இதைச் சொன்னேன். அவர் "அம்மாவ நான் ஒருக்கா வந்து பாக்கிறன்" என்றார். வந்தார். அம்மா அவருக்கென்று புதுச் சட்டியில் சமைத்தார்.

2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் மீண்டும் மோதிக்கொண்டபோது அமிர்தசரஸில் இரவுகளில் விளக்குகளை அணைக்கச் சொன்னார்கள். விமான நிலையம் சில நாட்கள் மூடப்பட்டது. மருமகளிடமிருந்து தொலைபேசியில் செய்தி வந்தது. நான்கு அறைகளும் வெறுமை, முன்பதிவுகள் எல்லாம் இரத்து, இந்த மாதம் இருவருக்கும் சம்பளம் இல்லை என்று எழுதியிருந்தார். பீஜி 1965ஐயும் 1971ஐயும், பொற்கோயிலுக்குள் இராணுவம் புகுந்த 1984ஐயும் அதே வீட்டில் இருந்து கண்டவர். இருட்டில் திண்ணையில் இருந்துகொண்டு, "என்ன எழுதியிருந்தது என்று அந்தப் பிள்ளை சொன்னது?" என்று கேட்டாராம். மருமகள் சொல்லிக் கொடுத்தாராம். மே 10ஆம் திகதி மோதல் நிறுத்தப்பட்டது. சில வாரங்களில் விருந்தினரும் மெல்ல வரத் தொடங்கினார்கள்.

சகோதரிகளே, எங்களில் சிலர் இன்னும் சொந்த வீட்டுக்குப் போகவில்லை. சிலர் போனபோது கதவும் இல்லை, நிலையும் இல்லை. எங்கள் இழப்பு சிறியது என்று நான் சொல்லவில்லை. பீஜியும் லாகூரில் விட்டு வந்ததை மறக்கவில்லை. ஆனால் தன் இழப்பைச் சொல்லி மற்றவரின் பெயரை அவர் அழிக்கவில்லை. இந்த மாதம் உங்கள் மாதர் சங்கக் கூட்டத்தில் ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். உங்கள் தெருவில் முன்பு யார் இருந்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று மூத்த பெண்களிடம் கேளுங்கள். தெரிந்த பெயர்களை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஒரு நாள் அவர்களில் ஒருத்தி வாசலில் வந்து நின்றால், அவளை இன்னாரென்று அறிந்து உள்ளே கூப்பிட உங்களால் முடிய வேண்டும்.

அடுத்த மாதம் சந்திப்போம்.