மாத்திரையை எப்போது ஆரம்பிப்பது?

"உடம்பு நல்லாத்தானே இருக்கு, இப்பவே எதுக்கு மாத்திரை?" எச்.ஐ.வி. இருப்பது தெரிந்ததும் நிறைய வீடுகளில் எழும் கேள்வி இது. கேட்பதில் தப்பேயில்லை. ஒரு காலத்தில் டாக்டர்களே காத்திருக்கத்தான் சொன்னார்கள்.

இரத்தத்தில் சி.டி.4 என்று ஒருவகை அணுக்கள் உண்டு. நோயை எதிர்த்து நிற்கும் காவல்காரர்கள். எச்.ஐ.வி. கிருமி அழிப்பது இவற்றைத்தான். 2004இல் நம் அரசு ஆஸ்பத்திரிகளில் இலவச மருந்து தொடங்கியபோது, நோய் முற்றாதவர்களுக்கு இந்த எண்ணிக்கை 200க்குக் கீழே இறங்கினால்தான் மாத்திரை. பழைய மருந்துகள் படுத்திய பாடு அப்படி. இரத்தசோகை, கால் எரிச்சல் என்று என்னென்னவோ வரும். பிறகு வரம்பு 350 ஆனது, 500 ஆனது. 2015இல், 35 நாடுகளில் நடந்த ஓர் ஆராய்ச்சி, தள்ளிப்போட்டவர்களைவிட உடனே ஆரம்பித்தவர்களுக்குக் கடுமையான நோயும் சாவும் பாதிக்கும் கீழே என்று காட்டியது. இத்தனைக்கும் எல்லோரும் 500க்கு மேல் இருந்தவர்கள், பார்வைக்கு ஆரோக்கியமானவர்கள்! 2017 முதல் நம் நாட்டிலும், எண்ணிக்கை எதுவானாலும் மருந்து உண்டு.

எனக்குத் தெரிந்த ஒரு பெண், ஐந்து மாதக் கர்ப்பிணி. "பிரசவம் ஆகட்டும்னு அம்மா சொல்றாங்க. மாத்திரை பிள்ளைக்கு ஆகாதாமே அக்கா?" என்றாள். பிள்ளையைக் காப்பதே அந்த மாத்திரைதான், அம்மா! சிகிச்சையே இல்லாவிட்டால் கருவிலோ, பிரசவத்திலோ, தாய்ப்பாலிலோ நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகள் வரை தொற்றிக்கொள்ளலாம். ஒழுங்காகச் சாப்பிட்டால் அது 5க்கும் கீழே போய்விடும். ஆகவே எந்த மாதமானாலும் தெரிந்தவுடனே ஆரம்பிக்க வேண்டும். பிறந்த குழந்தைக்கும் சில வாரங்கள் மருந்து கொடுப்பார்கள்.

கொஞ்சம் பொறுக்க வேண்டிய இடமும் உண்டு. விடாத இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். காசநோய் என்றால் முதலில் அதற்கு மருந்து, சில வாரத்தில் இது. மூளையைத் தாக்கிய காசநோய்க்கு இன்னும் சற்றுத் தள்ளிப் போடுவார்கள். அந்தக் கணக்கு டாக்டருடையது, பக்கத்து வீட்டுக்காரியுடையது அல்ல.

ஆரம்பித்தால் ஆயுசுக்கும் நிறுத்தக்கூடாது. விட்டு விட்டுச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். இப்போது பெரும்பாலோருக்கு நாளைக்கு ஒரே மாத்திரைதான். கர்ப்பிணிகளுக்கு ஒரு விஷயம்: இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை இதோடு சேர்த்து வெறும் வயிற்றில் விழுங்காதீர்கள், மருந்து உடம்பில் சரியாகச் சேராது. எத்தனை மணி இடைவெளி என்று மருந்து வாங்கும்போதே கேட்டு, சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.