ராகப் பட்டியலும் சிகிச்சைக் கல்வியும்

சங்கீதத்துக்கு நோயாளியைத் தேற்றும் ஆற்றல் உண்டு என்று நம்புவோர் நம் நாட்டில் அநேகர். அவர்களுள் நானும் ஒருவன். ஆயினும் அந்த நம்பிக்கையின் பெயரால் இன்று சபைகளிலும் பத்திரிகைகளிலும் பரவிவரும் ஒரு வாதத்தை ஏற்க என் மனம் இசையவில்லை. இன்ன ராகம் இன்ன வியாதியைத் தீர்க்கும் என்பது முன்னோர் கண்ட உண்மை. அதைப் பட்டியலாக எழுதிவைத்துக்கொண்டு, நல்ல சாரீரம் வாய்ந்த வித்துவான் ஒருவர் பாடினாலோ, ஒலிப்பதிவொன்றை நோயாளியின் காதருகே ஒலிக்கவிட்டாலோ காரியம் கைகூடும். ஆகவே இசைச் சிகிச்சைக்கென்று சர்வகலாசாலையில் முதுகலைப் படிப்பு வைப்பதும், அதிலும் இசைப் பண்பாட்டை ஒரு பாடமாகச் சேர்ப்பதும் வீண் வேலை என்பதே அவ்வாதம். சங்கீதத்தை உயர்த்துவதாக எண்ணிச் சொல்லப்படும் இவ்வார்த்தைகள், உண்மையில் அதனை மாத்திரைப் புட்டியின் நிலைக்கு இறக்கிவிடுகின்றன என்பது என் துணிபு.

முதலில் அந்தப் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். முகாரியைச் சோக ராகமென்று முத்திரையிட்டு ஒதுக்குவது பலருக்கு வழக்கம். ஆனால் சபரி பெற்ற பாக்கியத்தை எண்ணியெண்ணித் தியாகையர் வியந்து செய்த கிருதி அந்த முகாரியிலேதான் அமைந்திருக்கிறது. நம் ஹிந்தோளத்தின் ஸ்வரங்களும் வடநாட்டு மால்கௌன்ஸின் ஸ்வரங்களும் ஒன்றே. அங்கே அது பின்னிரவுக்குரிய கம்பீரமான ராகம், இங்கோ அதற்கு அத்தகைய கால நியமம் எதுவும் இல்லை. மோகனத்தின் ஐந்து ஸ்வரங்கள் சீனத்து மெட்டுக்களிலும் ஸ்காத்லாந்து நாட்டுப் பாடல்களிலும் கேட்கின்றன. அங்குள்ளோர் அவற்றைக் கேட்டு அடையும் பாவம் நாம் அடையும் பாவமன்று. ஸ்வரக் கோவையே மருந்தாயின் அது கொள்வோர் யாராயினும் ஒரே குணத்தைக் காட்டியிருக்க வேண்டும் அல்லவா?

இதற்கு விடையாகச் சிலர் விஞ்ஞானத்தைத் துணைக்கழைத்து, குறிப்பிட்ட அதிர்வெண்கள் குறிப்பிட்ட உறுப்புக்களைத் தாக்கிக் குணப்படுத்துகின்றன என்பர். நம் சங்கீதத்தின் அடிப்படையையே மறந்துவிட்டுச் சொல்லும் சமாதானம் இது. ஆதார சுருதி நமக்கு நிலையானதன்று. ஆடவர் ஒருவர் ஒரு கட்டையில் பாடும் அதே ஆனந்தபைரவியைப் பெண்மணி ஒருவர் ஐந்து கட்டையில் பாடுகிறார். அவ்விருவர் குரலிலும் எழும் அதிர்வெண்கள் முற்றிலும் வேறு, ராகமோ ஒன்றே. அதிர்வெண்தான் மருந்தென்றால் ராகத்தின் பெயரைச் சொல்வதில் பொருளில்லை. ராகந்தான் மருந்தென்றால் அதிர்வெண்ணைச் சாட்சிக்கு அழைப்பதில் பொருளில்லை.

மருத்துவ ஆராய்ச்சி இவ்விஷயத்தில் காட்டும் வழியோ வேறாக இருக்கிறது. பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கியில் தெப்போ சர்க்காமோ என்பவரும் அவர்தம் குழுவினரும், மூளையில் இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் பக்கவாதமுற்ற 60 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவினரை இரண்டு மாத காலம் தினந்தோறும் சங்கீதம் கேட்கச் செய்தும், மற்றொரு பிரிவினரை ஒலிப்புத்தகம் கேட்கச் செய்தும், மூன்றாம் பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சையை மட்டும் அளித்தும் கண்ட முடிவுகளை 2008-ல் வெளியிட்டார்கள். சொல் நினைவும் கவனமும் சங்கீதம் கேட்டவர்களிடமே மற்றவர்களைவிட நன்றாகத் திரும்பின. ஆனால் அவர்கள் கேட்டது எந்த சங்கீதம்? அவரவர் தமக்குப் பிடித்ததென்று தாமே தெரிந்தெடுத்தது. ஒருவருக்கு உகந்த பாட்டு மற்றவருக்கு உகந்ததாக இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இனி, பரம்பரையைச் சான்று காட்டும் வாதத்துக்கு வருவோம். புறநானூற்றின் 281-ஆம் பாட்டிலே அரிசில்கிழார், போரில் விழுப்புண் பட்டுக் கிடக்கும் வீரனைக் காக்கும் காட்சியொன்றைத் தீட்டியிருக்கிறார். மலைபடுகடாத்தில், புலி பாய்ந்து கிழித்த கணவன் மார்பின் புண் ஆறக் கொடிச்சியர் பாடும் பாட்டொலி கேட்கிறது. ஈராயிரம் ஆண்டுகளாக இது நமக்குத் தெரிந்ததுதானே, இதற்கு ஏன் படிப்பு என்கிறார்கள். இப்பழம் பாடல்களைப் பொறுமையாகப் படிப்போருக்கு வேறொன்று புலப்படும். அரிசில்கிழார் காட்டும் அந்த மனையில் யாழ் ஒலிப்பது உண்மையே. அதனோடு வேப்பிலை செருகப்படுகிறது, ஐயவி தூவப்படுகிறது, ஆம்பற்குழல் ஊதப்படுகிறது, மணி ஒலிக்கிறது, காஞ்சி பாடப்படுகிறது, நறும்புகை எழுகிறது. இத்தனையையும் செய்பவர்கள் புண்பட்டவனை அறிந்தவர்கள், அவனுக்காக விழித்திருப்பவர்கள். பண் அங்கே பரிவின் பெருங்காரியத்துள் ஓர் அங்கமாக நிற்கிறதேயன்றித் தனியே எடுத்து விற்கத்தக்க சரக்காக நிற்கவில்லை.

முத்துஸ்வாமி தீக்ஷிதர் தம் சிஷ்யர் தம்பியப்பனின் வயிற்று நோவுக்காக அடாணாவில் குருபகவான் மீது கிருதி செய்தருளிய வரலாறும் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. அதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், அது பட்டியல்காரர்களுக்கு எதிர்ச்சாட்சியாகவே முடிகிறது. வயிற்று நோவுக்கு அடாணா என்று தீக்ஷிதர் விதி எழுதிவைக்கவில்லை. அந்த ஒரு சிஷ்யரின் ஜாதகத்தையும் விசுவாசத்தையும் மனநிலையையும் அறிந்து, அவருக்கென்றே ஒன்றைச் செய்து, அவரையே பாடவைத்தார் என்றுதான் பரம்பரை சொல்கிறது. நோயாளி இன்னார் என்று அறிந்து அவரைக்கொண்டே இசையை எழுப்புவிக்கும் அந்தப் பழக்கத்தையே இன்றைய சிகிச்சைக் கல்வியும் முறைப்படுத்திக் கற்பிக்க முயல்கிறது.

மூன்றாவது வாதம், தேர்ந்த வித்துவான் இருக்கப் பட்டதாரி எதற்கு என்பது. இதற்கு மறுமொழியை மேல்நாட்டுச் சரித்திரமே சொல்லிவிட்டது. இரண்டு உலக யுத்தங்களையும் ஒட்டி, உடலும் உள்ளமும் சிதைந்து திரும்பிய படைவீரர்கள் நிறைந்திருந்த அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு வாத்தியக்காரர்களும் பாடகர்களும் நல்லெண்ணத்தோடு சென்று வாசித்தார்கள். பலன் இருப்பதைக் கண்ட வைத்தியர்கள் அவர்களை வேலைக்கு அமர்த்தும்படி கேட்டார்கள். அமர்த்திய பின்னரோ, கலைத்திறன் மாத்திரம் போதாது, நோயாளியிடம் செல்லுமுன் இவர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்று உணர்ந்தார்கள். அந்த உணர்விலிருந்தே 1944-ல் மிச்சிகன் மாகாணக் கல்லூரியில் இதற்கென முதற்பாடத்திட்டம் பிறந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கான்சாஸ் சர்வகலாசாலையில் தேயர் காஸ்டன் என்னும் பேராசிரியர் அதனை விஞ்ஞான நெறியில் வளர்த்தார். 1950-ல் தேசியச் சங்கமும் அமைந்தது. வித்துவான்கள் தாங்களாகவே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்ததன் விளைவே இப்படிப்பு என்பதை மறந்துவிட்டு, வித்துவானுக்கு மாற்றாக அதனை யாரோ புகுத்தியதாகப் பேசுவது நியாயமன்று. இன்று அந்நாட்டில் இத்தொழிலுக்கு வருபவர் 1,200 மணி நேரமாவது மேற்பார்வையின்கீழ் நோயாளிகளிடையே பயின்றிருத்தல் வேண்டும். பிரிட்டனிலோ முதுகலைத் தேர்ச்சியும் பதிவும் இன்றி ஒருவர் தம்மை இசைச் சிகிச்சையாளரென்று சொல்லிக்கொள்வதைச் சட்டமே தடுக்கிறது.

அப்படி என்ன கற்கிறார்கள் என்று கேட்பின், ஓர் உதாரணம் காட்டுவேன். மூளையின் இடப்பாகம் பழுதுபட்டுப் பேச்சிழந்தவர் சிலர், ஒரு வாக்கியமும் சொல்ல மாட்டாத நிலையிலும், பழகிய பாட்டைச் சொற்பிழையின்றிப் பாடக் கூடும். இந்த அதிசயத்தை அடிப்படையாகக் கொண்டு போஸ்டன் நகரில் ஆல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் ஆகிய மூவர் 1973-ல் ஒரு முறையை வெளியிட்டார்கள். ‘தண்ணீர் வேண்டும்’ என்பது போன்ற அன்றாடச் சொற்றொடரை ஏற்றமும் இறக்கமுமாகிய இரண்டே ஸ்வரங்களில் சிகிச்சையாளர் இழுத்துச் சொல்வார். அசைக்கு ஒன்றாக நோயாளியின் இடக்கையைப் பிடித்துத் தட்டுவார். முதலில் உடன் பாடி, பின் பாதியில் தம் குரலை விலக்கி, பிறகு கேள்வி கேட்டு விடையாக அதை வருவித்து, இறுதியில் ராகத்தின் சாயலையே உதிர்த்து வெறும் பேச்சாக நிற்கச் செய்வார். இங்கே ரஸிகனை மயக்கும் கமகம் உதவாது, உபத்திரவமே செய்யும். எந்த நோயாளிக்கு இம்முறை பலிக்கும், எவருக்குப் பலிக்காது, குரலை எந்தக் கட்டத்தில் விலக்க வேண்டும் என்பன நாற்பது வருஷக் கச்சேரி அனுபவம் கற்பிக்கக் கூடியவையல்ல. நடை தளர்ந்த பார்க்கின்சன் நோயாளிகளுக்கு மைக்கேல் தாவுட் முதலியோர் வகுத்த தாளப் பயிற்சியும் இத்தகையதே. நோயாளியின் காலடிகளை நிமிஷத்துக்கு இத்தனையென்று எண்ணி, அதே கதியில் தாளத்தைத் தொடங்கி, அளவறிந்து சிறிது சிறிதாகவே கதியை உயர்த்த வேண்டும். போதாக்குறைக்கு, இசை கேட்டமாத்திரத்தில் வலிப்பு வரும் அபூர்வ நோயும் ஒன்று உண்டு. தீங்கே விளைக்காத மருந்து என்ற எண்ணத்தோடு வார்டுக்குள் நுழைகிறவர் இதையும் அறிந்திருக்க வேண்டாமா?

விஞ்ஞானம் எல்லாவற்றையும் நிரூபித்துவிட்டது, இனி ஆராய்ச்சிக் கல்விக்கு இடமில்லை என்ற வாதத்தை நீளமாக மறுக்க வேண்டியதில்லை. 1993-ல் கலிபோர்னியாவில் 36 கல்லூரி மாணவர்கள் மோஸார்ட்டின் சொனாட்டாவொன்றைப் பத்து நிமிஷம் கேட்டு, பத்துப் பதினைந்து நிமிஷமே நீடித்த சிறு முன்னேற்றத்தை ஒருவகைப் பரீட்சையில் காட்டினார்கள். அதுவே குழந்தைகளின் புத்தி வளரும் என்ற பெருங்கதையாகிப் பரவி, 1998-ல் ஜார்ஜியா மாகாண கவர்னர் பிறக்கும் சிசுக்களுக்கெல்லாம் இசைத்தட்டு வழங்கப் பணம் கேட்கும் அளவுக்குச் சென்றது. பின்வந்த ஆராய்ச்சிகள் அந்தக் கதையைத் தாங்கவில்லை. மெய்யான சிகிச்சைக்கும் தோல்வி உண்டு: ஒன்பது நாடுகளில் 364 ஆட்டிஸக் குழந்தைகளிடம் செய்து 2017-ல் வெளியான பெருஞ்சோதனையில், இசைச் சிகிச்சையைச் சேர்த்ததனால் நோய்க்குறிகளின் கடுமை குறிப்பிடத்தக்கவாறு குறையவில்லை. அந்த முடிவை மறைக்காமல் வெளியிட்டவர்கள் அத்துறையைச் சேர்ந்தவர்களே. தனக்குப் பாதகமான உண்மையைத் தானே எடுத்துரைக்கும் இத்திண்மை ஆராய்ச்சிக் கல்வியினால் வருவது. பட்டியலுக்கு அது என்றும் வாராது.

எல்லாவற்றினும் நான் முக்கியமாக மறுக்க விரும்புவது கடைசி வாதத்தையே. சிகிச்சைக்கு உடற்கூறும் உளநூலும் போதும், இசைப் பண்பாட்டுப் படிப்பு வெறும் ஆபரணம் என்று, படிப்பு வேண்டுமென ஒப்புக்கொள்ளும் அறிஞர்களிலும் சிலர் கூறுகிறார்கள். அது வெறும் ஆபரணம் அன்று என்பதற்கு ஒரு சான்று காட்டுவேன்.

இத்தாலியின் தென்கோடியிலுள்ள சலேந்தோ என்னும் பிரதேசத்தில், சிலந்தி கடித்ததாகச் சொல்லி விழுந்து துடிக்கும் குடியானவப் பெண்களை, வயலினும் கஞ்சிரா போன்ற தம்புரெல்லோவும் கொண்டு நாட்கணக்கில் ஆடவைத்துத் தெளிவிக்கும் வழக்கம் நூற்றாண்டுகளாக இருந்தது. விஷத்துக்கு இசை மாற்று என்று பழைய வைத்தியர்கள் எழுதினார்கள். வெறும் பைத்தியம் என்று புதிய வைத்தியர்கள் தள்ளினார்கள். 1959-ல் எர்னெஸ்தோ தெ மார்த்தீனோ என்னும் அறிஞர், மனோவைத்தியரையும் தியேகோ கார்ப்பிதெல்லா என்னும் இசை ஆராய்ச்சியாளரையும் உடன் அழைத்துக்கொண்டு அங்கே சென்று, வீடு வீடாகப் பார்த்துக் கேட்டு எழுதி, 1961-ல் நூலாக வெளியிட்டார். அவர் கண்டது விஷமும் அன்று, பைத்தியமும் அன்று. ஒருமுறை ‘கடியுண்ட’ பெண்ணுக்கு ஆண்டுதோறும் கோடையில், ஜூன் மாத இறுதியில் வரும் புனித பவுலின் திருநாளை ஒட்டி, நோய் திரும்பத் திரும்ப வந்தது; வறுமையும் மறுக்கப்பட்ட விருப்பமும் அடக்கிய துயரமும் அந்தக் கடியின் உருவில் வாய் திறந்தன. வாத்தியக்காரர்களோ பட்டியல் எதுவும் வைத்திருக்கவில்லை. ஒரு மெட்டை வாசித்துப் பார்த்து, அவள் உடல் அசையாவிடில் மற்றொன்றை எடுத்து, அவளுடைய மெட்டு எது என்று தேடிக் கண்டுபிடித்தார்கள். சிலந்தி, புனிதர், திருநாள், நிறத் துணிகள், அண்டை வீட்டார் அனைவரும் கூடிய அந்த உலகத்திலிருந்து மெட்டை மட்டும் உருவியெடுத்து வேறெங்கோ ஒலிக்கவிட்டால் அது யாரையும் தெளிவிக்காது. கில்பெர் ரூஷே என்னும் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் 1980-ல் வெளியிட்ட பெருநூலில், ஆவேசத்தைத் தன் ஒலியின் பலத்தினாலேயே வருவிக்கும் இசை உலகில் எதுவும் இல்லை என்று நாடு நாடாகச் சான்று காட்டி நிறுவியதும் இதையே. நம் ஊர்க் கொடையில் பம்பையும் உடுக்கையும் முழங்கக் கேட்டவர்களுக்கு இது பிரத்தியட்சம்: கேட்பவர் நூறு பேர், சாமி வருவது அதற்குரியவர் மீதே.

ஆகவே நம் நாட்டில் இம்முதுகலைப் படிப்பு அமையுமாயின், மாணவன் நரம்பு மண்டலத்தைக் கற்கும் அதே கவனத்தோடு மக்களின் பாட்டு வாழ்க்கையையும் கற்றாக வேண்டும். ஒருவர் வாலிபத்தில் கேட்ட பாட்டுக்களே முதுமையில் நினைவு கலங்கிய பின்னரும் ஆழமாகத் தங்குகின்றன என்பது பலராலும் காணப்பட்டது. இன்று எழுபத்தைந்து வயது கடந்த மூதாட்டி ஒருத்தியிடம் ஆனந்தபைரவி ஆலாபனையைக் கொண்டுசெல்லும் சிகிச்சையாளர், அவள் வயலில் நடவுப் பாட்டுப் பாடி வளர்ந்தவளா, விஸ்வநாதன் ராமமூர்த்தி இசையமைத்த படப்பாடல்களை வானொலியில் கேட்டு வளர்ந்தவளா, கிறிஸ்தவ தேவாலயத்தில் வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனைகளைப் பாடியவளா, நாகூர் ஹனீபாவின் குரல் வீட்டில் ஒலிக்கக் கேட்டவளா, சபா மண்டபத்தின் வாயிலையே மிதிக்க முடியாத தெருவில் பறையொலியும் ஒப்பாரியும் கேட்டு வளர்ந்தவளா என்று ஒருகணம் கேட்டதுண்டா? கேட்கத் தெரிய வேண்டுமானால் இவையெல்லாம் இருப்பதும், எந்தச் சமூகத்தில் எந்தப் பாட்டு எந்தச் சடங்குக்குரியது என்பதும் அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். சாவு வீட்டுக்குரிய மெட்டைத் தெரியாமல் நோயாளியின் படுக்கையருகே எடுத்துவிட்டால் விளையும் கலவரத்தை எந்த உளநூலும் முன்கூட்டிச் சொல்லாது. டொராண்டோவிலும் லண்டனிலும் முதியோர் இல்லங்களில் ஆங்கிலத்தை மறந்து தமிழ் மட்டும் எஞ்சிய நம்மவர்களிடம் செல்லும் அந்நாட்டுச் சிகிச்சையாளர்களுக்கும் இந்த அறிவு வேண்டியிருக்கிறது. அதை எழுதிக் கொடுக்க வேண்டியவர்கள் நம் சர்வகலாசாலைகளில் இருந்தே வர வேண்டும். முதல் ஆண்டில் ஒவ்வொரு மாணவனும் ஒரு கிராமத்திலோ ஒரு நகரத் தெருவிலோ தங்கி, அங்குள்ள முதியோர் அறிந்த பாட்டுக்களையும் அவற்றைப் பாடும் வேளைகளையும் ஒலிப்பதிவோடு சேகரித்து வர வேண்டும். அந்தச் சேகரிப்போடுதான் அவன் இரண்டாம் ஆண்டில் ஆஸ்பத்திரி வார்டுக்குள், ஆசிரியர் உடனிருக்க, முதல் நோயாளியின் முன் உட்கார வேண்டும்.