வீடியோ பார்த்தால் எழுத வந்துவிடாது

2018இல் புதிய பாடநூல்கள் கியூஆர் குறியீட்டோடு வந்தபோது மகிழ்ந்த தமிழாசிரியர்களில் நானும் ஒருத்தி. செய்யுள் நடத்த அது நன்றாகவே உதவுகிறது. கடிதம், கட்டுரை என்று வரும்போதுதான் போதவில்லை. பிள்ளைகள் குறியீட்டின் வழியே வீடியோ பார்க்கிறார்கள், சரியான விடையைத் தொடுகிறார்கள். சொந்தமாக ஒரு வரி எழுதுவதில்லை. பத்தாம் வகுப்புத் தேர்விலோ கடிதம், படிவம், காட்சியைக் கண்டு எழுதுவது, கட்டுரை எல்லாம் உண்டு. அத்தனையையும் உரைநூலைப் பார்த்து மனப்பாடம் செய்துவிடுகிறார்கள்.

திருத்தித் திருத்தித்தான் எழுத்து தேறும். நோட்டில் ஒரு வரியை மாற்ற முழுப் பக்கத்தையும் திரும்ப எழுத வேண்டும். எந்தப் பிள்ளை முன்வரும்? கணினியில் அந்தச் சுமை இல்லை. பள்ளியின் ஹைடெக் கணினி லேபை நான் கேட்டு வாங்குவது இதற்காகத்தான். வகுப்பில் 40 பேர், கணினி 20. இருவர் பேசிப் பேசி எழுதத் தோதாகவே இருக்கிறது.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி பேரூராட்சி செயல் அலுவலருக்குக் கடிதம் அடித்தாள். “எங்கள் தெருவில் குடிநீர் சரிவர வருவதில்லை. ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.” அப்படியே உரைநூல் வரி. நான் தயாரித்த கணினிப் பக்கத்தில் எந்தப் பத்தியைத் தொட்டாலும் கேள்வி விரியும்: எந்தக் குழாய்? எத்தனை மணிக்கு? யாருக்கு என்ன சிரமம்? தோழியோடு பேசிவிட்டு மாற்றினாள்: “பிள்ளையார் கோயில் குழாயில் இரவு 11 மணிக்குத் தண்ணீர் விடுகிறார்கள். அம்மா விடியற்காலையில் மில்லுக்குப் போக வேண்டும். நானும் தம்பியும்தான் குடத்தோடு நிற்கிறோம். மாலை 6 மணிக்கு விட்டால் இரவில் படிக்க முடியும்.” இந்தக் கடிதத்தைப் படிக்கும் அதிகாரிக்கு, தான் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும்.

தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகை. ‘க’வை அடித்து ‘ஓ’வை அடித்தால் ‘கோ’ வருகிறது. உயிர்மெய் இலக்கணம் விரலிலேயே பதிகிறது. பிழை பார்க்க நீச்சல்காரன் உருவாக்கிய வாணி, நாவி என்ற மென்பொருள்கள் இருக்கின்றன. நாவி சந்திப்பிழையைச் சுட்டினால், அங்கே வல்லினம் ஏன் மிகும் என்று சொன்ன பிறகே மாற்ற விடுவேன். கருவி சொல்வதெல்லாம் சரியாக இருக்கும் என்று பிள்ளைகள் நம்பிவிடக் கூடாது.

தேர்வைக் கையால்தானே எழுதுகிறார்கள் என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கடைசி வடிவத்தைப் பிள்ளைகள் நோட்டில் கையால்தான் எழுதுகிறார்கள்.

பள்ளிக் கல்வித் துறையிடம் நான் கேட்பது அதிகமில்லை. லேபில் வாரம் ஒரு பாடவேளையை எழுதுவதற்கென்றே ஒதுக்க வேண்டும். துறை 2023இல் வெளியிட்ட மணற்கேணி கற்றல் செயலியில் பிள்ளைகள் எழுதவும், ஆசிரியர் ஓரத்தில் கேள்வி கேட்கவும் இடம் வேண்டும். முதல் வரைவையும் கடைசி வரைவையும் அழியாமல் சேமிக்கவும் வேண்டும். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைச் சொல்வதற்கு முன்பு அந்த இரண்டையும் அம்மாக்களுக்குப் படித்துக் காட்ட ஆசைப்படுகிறேன்.