சமுதாயக் கல்லூரியின் இரண்டாவது வாசல்

திருச்சிக்குத் தெற்கே, புதுக்கோட்டைச் சீமையின் வடவெல்லையை ஒட்டிக் கிடக்கும் ஆவூரைப் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே கோயில் எழுப்பிய ஏசு சபைத் துறவி பூசே பாதிரியாரை முன்னிட்டும், ஈஸ்டர் தேரை முன்னிட்டும் பலர் அறிவார்கள். அதே சபையைச் சேர்ந்த சேவியர் அல்போன்ஸ் அடிகளார், மூன்று நூற்றாண்டுகள் கழித்துத் தமிழ்நாட்டில் முன்னின்று பரப்பிய சமுதாயக் கல்லூரி என்னும் ஸ்தாபனம், ஆவூர் போன்ற ஊர்களின் பிள்ளைகளுக்கு எவ்வளவோ அவசியமாயிருந்தும், நம்மிடம் பாதியாகவே வந்து சேர்ந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

அமெரிக்காவில் 1901-இல் ஜோலியட் நகரில் வேரூன்றிய இந்த முறைக்கு இரண்டு வாசல்கள் உண்டு. தொழில் கற்று வேலைக்குப் போகிறவனுக்கு ஒன்று. அங்கேயே ஈராண்டு படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் நேரே போய்ச் சேருகிறவனுக்கு மற்றொன்று. 1960-இல் திறக்கப்பட்டு, கியூபாவிலிருந்து அகதிகளாய் வந்தவர்களையும் ஏற்றுக்கொண்ட மயாமி நகரத்துக் கல்லூரியில் இன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் பயில்கிறார்கள் என்றால், அது பொதுப்பணத்தில் நடப்பதும் இரண்டு வாசல்களும் திறந்திருப்பதுமே காரணம்.

நம் பக்கத்தில் 1995-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், அடுத்த ஆண்டில் சென்னை மயிலை உயர்மறைமாவட்டமும் இந்த முறையைத் தொடங்கிவைத்தன. பின்னர் பல்கலைக்கழக மானியக் குழுவும் நிதி அளித்தது. எனினும் திட்டக் காலத்து மானியத்தை நம்பிய வகுப்பு மானியத்தோடு தளர்கிறது. குளிர்சாதனப் பழுதுபார்ப்போ நோயாளர் பராமரிப்போ கற்ற பிள்ளை பின்னொரு நாள் பட்டம் பெற விரும்பினால், ஏட்டளவில் வழி இருந்தும், பெரும்பாலும் முதலாண்டிலிருந்தே தொடங்க நேர்கிறது.

பள்ளியை விட்டு வெகுகாலமானவர்கள் திரும்பவும் படிக்க வருவார்களா என்று கேட்பவர்களுக்கு விடை சொல்ல மயாமிக்குப் போக வேண்டியதில்லை. 1991-இல் புதுக்கோட்டை ஜில்லாவில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கம் எழுந்தபோது, கல்குவாரியில் உடைத்த கையோடு வந்து எழுத்தைப் பழகிய பெண்கள், குவாரிக் குத்தகையின் கணக்கையும் தாமே பார்த்தார்கள். ஊர் ஏளனத்தைப் பொருட்படுத்தாமல் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்று, எவரையும் எதிர்பாராமல் போய்வரும் சுதந்திரத்தை அடைந்தார்கள். அந்த ஜனங்களின் மக்களும் பேரர்களும் படிக்க மாட்டார்கள் என்று சொல்வது அபாண்டம். அன்றைக்கு அவர்களுக்கு எழுத்தைக் கொடுத்த சர்க்கார், அதற்கு மேலே ஏறுவதற்குப் படி வைக்காமல் நின்றுவிட்டது என்பதே என் மனத்தாங்கல்.

ஆகவே, புதுக்கோட்டை மன்னர் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகளில், மாலையில் பூட்டிக் கிடக்கும் அறைகளைத் திறந்து, நிரந்தர ஆசிரியர்களோடு சமுதாயக் கல்லூரியை நடத்த வேண்டும். அதில் தேறியவர்களுக்கு அதே கல்லூரியின் பட்ட வகுப்பில் இரண்டாம் ஆண்டு இடத்தை உரிமையாக்க வேண்டும். மாத்தூர், விராலிமலைத் தொழிற்கூடங்களில் வேலை முடித்து, மாலை வகுப்புக்கும் போய் ஆவூருக்குத் திரும்புகிறவர்களின் நேரத்தை அனுசரித்துக் கடைசிப் பேருந்தும் விட வேண்டும்.