செவிலியருக்கும் சிகிச்சையாளருக்கும் அளிக்கப்படும் வாக்குறுதி: வளைகுடாத் தமிழர் ஏன் கேட்க வேண்டும்?

தமிழகத்தில் தேர்தல் அறிக்கைகள் வெளியாகும் நாள்களில் ஜுபைலில் உள்ள நம் குடியிருப்புகளிலும் அவையே பேச்சாக இருக்கும். அறிக்கை கைக்குக் கிடைத்ததும் நாம் தேடுவது 'வெளிநாடு வாழ் தமிழர்' என்னும் தலைப்பைத்தான். கூடுதல் விமானங்கள், நல வாரியம், நாடு திரும்புவோருக்குக் கடனுதவி ஆகியவை அதில் உள்ளனவா என்று பார்க்கின்றோம். பிறகு மூடிவைத்து விடுகின்றோம். மக்கள் நல்வாழ்வு என்ற பகுதியை வாசிப்பவர்கள் நம்மில் மிகச் சிலரே. அது ஊரில் இருப்பவர்களுக்கானது என்று எண்ணிவிடுகின்றோம். வளைகுடாவில் உழைக்கும் குடும்பத்திற்கு மிகவும் தேவையான வாக்குறுதி அந்தப் பகுதியில்தான் இருக்க வேண்டும் என்பதும், பெரும்பாலும் அது அங்கே இல்லை என்பதும் நம் கவனத்திற்கு வருவதே இல்லை.

ஜுபைல் கனரகத் தொழில்களின் நகரம். 1975ஆம் ஆண்டு ஜுபைல்-யன்பு ராயல் கமிஷன் அமைக்கப்பட்ட பின்னர் மீனவர் ஊராக இருந்த இக்கடற்கரையில் எண்ணெய்சார் வேதியியல் ஆலைகள் எழுந்தன. அவற்றை எழுப்பிய கைகளில் தமிழர் கைகளும் உண்டு. சாரத்தின் மீது நின்று வெல்டிங் செய்யும் ஒரு தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். தவறி விழுகின்றார், வலது முன்கையின் தசைநாண்கள் அறுபடுகின்றன. அறுவை சிகிச்சை நடக்கின்றது, காயம் ஆறுகின்றது. சவூதிச் சட்டப்படி தொழில் விபத்துக் காப்பீட்டிற்காக அவருடைய ஊதியத்தில் 2 விழுக்காட்டிற்கு ஈடான தொகையை நிறுவனமே 'கோசி' எனப்படும் சமூகக் காப்பீட்டு அமைப்பிற்குச் செலுத்தியிருக்க வேண்டும். வெளிநாட்டவருக்கும் இது பொருந்தும். அவர் இ.சி.ஆர். கடவுச்சீட்டில் வந்தவரானால் இந்திய அரசின் பிரவாசி பாரதீய பீமா யோஜனாவும் இருக்கும். இரண்டாண்டுக்கு 275 ரூபாய், மூன்றாண்டுக்கு 375 ரூபாய் கட்டணத்தில், விபத்தால் நேரும் மரணத்திற்கோ நிரந்தர ஊனத்திற்கோ 10 இலட்சம் ரூபாய் வழங்கும் திட்டம் அது. (பத்தாம் வகுப்புத் தேறியவர்களுக்கு இது கட்டாயமில்லை. நம் வெல்டர்களில் பலர் பத்தாம் வகுப்பும் ஐ.டி.ஐ.யும் முடித்தவர்கள். காப்பீடு எடுத்தோமா என்று இன்றே ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.)

ஆகப் பணத்திற்கு ஏதோ ஒரு வழி இருக்கின்றது. அதன்பின் அவர் எக்ஸிட் பெற்று ஊருக்குத் திரும்புகின்றார். கை இருக்கின்றது, ஆனால் அது சோற்றைப் பிசைய மறுக்கின்றது. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. திருப்புளியைப் பிடிக்க முடியவில்லை. அந்தக் கையை மீண்டும் வேலைக்குப் பழக்குவது யார்?

அதற்கென ஒரு தொழில் இருக்கின்றது. ஆங்கிலப் பெயரால் ஆக்குபேஷனல் தெரபி என்று அறியப்படும் அதனைச் செயல்முறை சிகிச்சை எனலாம். இயன்முறை மருத்துவத்தை, அதாவது பிசியோதெரபியை, நம் மக்கள் நன்கறிவர். தசையின் வலிமைக்கும் மூட்டின் அசைவிற்கும் அதுவே முதற்படி. செயல்முறை சிகிச்சையாளர் கேட்கும் கேள்வி வேறு. இவர் காலையில் எழுந்ததும் எவற்றைச் செய்தாக வேண்டும்? அவற்றுள் எவற்றைச் செய்ய முடியவில்லை? எதை மாற்றினால் முடியும்? தசைநாண் தைத்த கை விறைத்துப் போகாமலிருக்க அளவெடுத்து ஸ்பிளின்ட் செய்து கொடுப்பார். எந்த வாரத்தில் எந்த விரலை எவ்வளவு மடக்கலாம் என்று சொல்லித் தருவார். கரண்டியின் பிடியைத் தடிப்பாக்குவார். தண்டுவடம் பாதிக்கப்பட்டவரின் வீட்டிற்குச் சென்று நிலைப்படியின் உயரத்தையும் கழிவறை வாசலின் அகலத்தையும் அளந்து, சக்கர நாற்காலி எங்கே தடைப்படும் என்று கூறுவார். பழைய தொழிலுக்குத் திரும்ப இயலாதென்றால் எந்தத் தொழில் இயலும் என்று பழக்கிப் பார்ப்பார். இவை சின்னஞ்சிறு காரியங்களாகத் தோன்றலாம். ஆனால் திரும்பி வந்தவர் வீட்டிற்குச் சம்பாதித்துத் தருபவராக இருப்பாரா, பிறர் ஊட்டிவிட வேண்டியவராக இருப்பாரா என்பது இவற்றில்தான் இருக்கின்றது.

இது விபத்துற்றவரின் கதை மட்டுமன்று. பெற்றோரே, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், வளர்ச்சித் தாமதம் ஆகியவை உள்ள குழந்தைகளுக்கு இச்சிகிச்சை எத்துணை இன்றியமையாதது என்பதை உங்களுள் சிலர் அனுபவத்தால் அறிவீர்கள். வளைகுடாவில் தனியார் மையங்களின் கட்டணம் நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டாததாகும்போது, தாயும் குழந்தையும் ஊருக்குச் செல்கின்றனர். தந்தை இங்கே தனியாகத் தங்குகின்றார். சென்றவர்கள் தம் சிற்றூரிலிருந்து பேருந்தேறி, மாநகரத்தில் ஒரு தனியார் மையத்தைத் தேடி, வாரத்திற்கு மும்முறை அலைகின்றனர். தந்தை அனுப்பும் பணம் மாதாமாதம் அங்கே கரைகின்றது.

வேதனை என்னவென்றால், இத்துறையில் தமிழகம் முன்னோடியாக இருந்த மண். 1940களின் இறுதியில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயால் முடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் திறக்கத் தொடங்கினார். விரல் திறந்தால் போதாது, அவ்விரல் ஒரு தொழிலைக் கற்றாக வேண்டும் என்றுணர்ந்து, நோயாளிகளுக்குத் தச்சுவேலை முதலியன பழக்கும் புதுவாழ்வு மையமும் அங்கே உருவாயிற்று. சாலை விபத்தில் இடுப்பிற்குக் கீழ் செயலிழந்தும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி அறுவை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் 1966இல் அதே வேலூரில் மறுவாழ்வு மருத்துவ நிலையத்தைத் தோற்றுவித்தார். நாட்டளவிலும் பெருமை குறைவில்லை. 1950இல் பம்பாயின் கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் செயல்முறை சிகிச்சைப் பள்ளியைத் தொடங்கினார். 1952இல் உலகக் கூட்டமைப்பு அமைந்தபோது நிறுவன உறுப்பு நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஆயினும் இத்தொழிலை ஒழுங்குபடுத்தும் மத்தியச் சட்டம் 2021ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில்தான் நிறைவேறியது. அதன்கீழ் மாநில மன்றங்கள் அமைக்கப்படாமல் இழுபட்டதால், 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே கெடு விதிக்க நேர்ந்தது.

தமிழக அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று கூறுவது நேர்மையாகாது. 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' இயன்முறை மருத்துவரை வீட்டு வாசலுக்கே அழைத்து வந்தது. 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் அதற்குக் கிடைத்தது. உலக வங்கிக் கடனுதவியுடன் நடக்கும் 'உரிமைகள்' திட்டத்தில் 'விழுதுகள்' என்னும் மையங்கள் திறக்கப்பட்டு, மாற்றுத்திறனாளிகளுக்குப் பல்வகைச் சிகிச்சைகள் ஓரிடத்தில் கிடைக்க வழி செய்யப்பட்டது. நல்ல தொடக்கங்களே. ஆனால் திட்டம் என்பது ஆண்டுக்கணக்கு வைத்து முடிவது. பணியிடம் என்பது அரசாணையில் நிற்பது. திட்ட நிதி தீர்ந்த மறுநாள் அந்தச் சிகிச்சையாளருக்குச் சம்பளம் யார் தருவார்?

இக்கேள்வி வீண் அச்சம் என்று எவரேனும் கூறினால், செவிலியர்களின் வரலாற்றைக் காட்டலாம். 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 7,243 செவிலியர் பணியிடங்களுக்குத் தேர்வு நடத்தியது. மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டாண்டுகளுக்குப் பின் காலமுறை ஊதியம் என்பது பேச்சு. இரண்டாண்டு கழிந்தது. 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் அமர்ந்து போராட வேண்டியதாயிற்று. தொகுப்பூதியம் 14,000 ஆகவும் பின்னர் 18,000 ஆகவும் உயர்ந்தது. நிரந்தரம் மட்டும் சிறு சிறு தொகுதிகளாகவே வந்தது. 505 வாக்குறுதிகள் கொண்ட தி.மு.க.வின் 2021 தேர்தல் அறிக்கை ஒப்பந்தச் செவிலியரை நிரந்தரமாக்குவதாகக் கூறியது. 2022 டிசம்பர் 31ஆம் நாளோடு, கொரோனாக் காலத்தில் அமர்த்தப்பட்ட செவிலியர் 2,000க்கும் மேற்பட்டோரின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படாமல் முடிந்தது. 2025 டிசம்பரிலும் செவிலியர்கள் சென்னையில் போராடிக்கொண்டுதான் இருந்தனர். தொகுப்பூதிய முறையில் அமர்த்தியது அ.தி.மு.க. ஆட்சி, வாக்களித்துவிட்டுத் தாமதித்தது தி.மு.க. ஆட்சி. ஆகவே எக்கட்சியின் அன்பரும் இதில் பெருமை கொள்ள இடமில்லை.

காலியிடம் உருவாக உருவாகத்தான் நிரந்தரம் செய்ய இயலும் என்பது அரசுத் தரப்பின் விளக்கம். நிர்வாக நோக்கில் அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் வாக்குக் கேட்கும்போது இந்த விளக்கம் எங்கே போயிருந்தது? ஆண்டுக்கு இத்தனை பேர், இத்தனை ஆண்டுகளில் முடிப்போம் என்று அறிக்கையிலேயே எழுதியிருந்தால், போராட வேண்டியவர்கள் தம் வாழ்க்கையைத் திட்டமிட்டிருப்பார்கள் அல்லவா?

அதே 2015இல் இன்னொன்றும் நடந்தது. வளைகுடா உள்ளிட்ட இ.சி.ஆர். நாடுகளுக்குச் செவிலியர்கள் அரசு முகமைகள் வழியாகவே செல்ல வேண்டும் என்று மத்திய அரசு ஆணையிட்டது. தரகர்கள் கொள்ளையடிப்பதைத் தடுக்க வந்த அந்த ஆணை வரவேற்கத்தக்கது. தமிழகத்தின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் அம்முகமைகளுள் ஒன்று. 7,700 ரூபாய்க்கு ஊரில் ஒரு கை அமர்த்த, இன்னொரு கை சவூதிக்கு அனுப்பி வைக்கும் நிலை உருவாயிற்று. இங்கே மருத்துவமனைகளில் நம்மைப் பராமரிக்கும் தமிழ்ச் செவிலியர்களைக் காணும்போது மகிழ்கின்றோம். அவர்கள் விட்டுவந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் நம் தாயும் தந்தையும் வரிசையில் நிற்கின்றனர் என்பதையும் எண்ண வேண்டும்.

இளைஞர்களுக்கும் ஒரு சொல். மருத்துவம்சார் படிப்பை முடித்தால் வளைகுடா வேலை உறுதி என்னும் கணக்கு மாறி வருகின்றது. 2025 ஏப்ரல் 17 முதல் சவூதி அரேபியா கதிரியக்கம், மருத்துவ ஆய்வகம், சிகிச்சை உணவியல், இயன்முறை மருத்துவம் ஆகிய நான்கு துறைகளில் 65 முதல் 80 விழுக்காடு வரை தன் குடிமக்களையே அமர்த்த வேண்டும் என்று விதித்தது. இயன்முறை மருத்துவத்திற்கு 80 விழுக்காடு. தன் மக்களுக்கு வேலை தர அந்நாட்டிற்கு உரிமை உண்டு. அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆயின் இக்கதவு ஒடுங்கும்போது ஊரில் ஒரு கதவு திறந்திருக்க வேண்டாமா? செயல்முறை சிகிச்சை படிக்க விரும்பும் பிள்ளையிடம், "ஊரில் அரசு வேலை ஏது?" என்று பெற்றோர் கேட்பது பொருளற்ற கேள்வியன்று. பணியிடம் இல்லாததால் படிப்பவர் குறைவு. படித்தவர் குறைவு என்பதால் பணியிடம் உருவாக்கப்படுவதில்லை. இந்த முடிச்சை அரசால் மட்டுமே அவிழ்க்க இயலும்.

நம்மிடம் வாக்குப் பலம் இல்லையே என்று சிலர் கூறக்கூடும். 2010இல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் திருத்தப்பட்ட பின், இந்தியக் கடவுச்சீட்டு உடைய நாம் வெளிநாடு வாழ் வாக்காளராகப் பெயர் சேர்க்கலாம். ஆனால் வாக்களிக்க ஊருக்கு நேரில் செல்ல வேண்டும். விடுப்பும் பயணச் சீட்டும் எத்தனை பேருக்கு வாய்க்கும்? எனினும் நம் ஒவ்வொருவருக்கும் பின்னால் ஊரில் மூன்று நான்கு வாக்குகள் உள்ளன. கட்சிகளின் வளைகுடா அமைப்பினர் விழா மேடைகளுக்கு நம்மை அழைக்கின்றனர், நாமும் செல்கின்றோம்.

அடுத்த முறை அவர்கள் வரும்போது சால்வைக்குப் பின் இவற்றைக் கேட்போம். ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் எத்தனை செயல்முறை சிகிச்சையாளர் பணியிடங்களை உருவாக்குவீர்கள்? எந்த ஆண்டிற்குள் நிரப்புவீர்கள்? தொகுப்பூதியமா, காலமுறை ஊதியமா? வெளிநாட்டில் காயமுற்றுத் திரும்புபவர் விமான நிலையத்திலிருந்து எந்த மருத்துவமனைக்கு, யாரிடம் செல்ல வேண்டும்? நிரந்தரமாக்காமல் விடப்பட்ட செவிலியர்கள் இன்னும் எத்தனை பேர்? பதிலை எழுத்தில் பெற்று, தேதியிட்டு, ஊரிலுள்ள குடும்பத்தாருக்கு அனுப்பிவைப்போம்.