பிழிவது மலிவு, காய்ச்சுவது செலவு

மரக்காணம் உப்பளத்தில் பாத்தி நீரை வெயிலும் காற்றும் காசில்லாமல் கொண்டுபோகின்றன. காகிதத்துக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமம் 1959இல் கைக்காகிதத் தொழிலகம் தொடங்கியது. இந்தத் தொழிலில் ஐப்பசி, கார்த்திகை மழை வந்தால் கொடியில் தொங்கும் தாள் லேசில் காயாது. அப்போது கைகொடுப்பது பிரஸ்தான்.

சல்லடைச் சட்டத்தில் அள்ளிய கூழைத் துணிமேல் கவிழ்த்து, துணியும் தாளுமாக அடுக்கி, பிரஸ்ஸில் வைத்து இறுக்குவார்கள். இதில் அவசரம் கூடாது. எடுத்த எடுப்பில் முழு அழுத்தம் கொடுத்தால், வெளியேற வழி தேடும் நீர் நாரையும் தள்ளிக்கொண்டு போகும், தாள் நசுங்கிவிடும். அழுத்தத்தை எடுத்த பிறகும் அடுக்கைப் பிரிக்காமல் விட்டால், பிழிந்த நீரைத் துணியிலிருந்து தாள் மறுபடி குடிக்கும்.

பெரிய ஆலைகளிலும் இதே கணக்குதான். ஒரு டன் நாருக்கு, கூழின் நீர் வடியும் வலையை விட்டு வரும்போது ஏறத்தாழ நான்கு டன் நீர் ஒட்டியிருக்கும். பிரஸ்ஸைத் தாண்டும்போது தாளில் 40 சதவீதம் நார் என்றால் மிச்சம் ஒன்றரை டன் நீர். 45 சதவீதம் என்றால் 1.2 டன் சொச்சம். நீராவியால் விரட்ட வேண்டியதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது! அத்தனையும் நிலக்கரிக் காசு.

ஆனால் நிதானமாக அழுத்துவதை இயந்திரம் கண்டுகொண்டது தாமதமாகத்தான். லூயி நிக்கோலா ராபர் காகித இயந்திரத்துக்கு உரிமை பெற்றது 1799இல். நீராவி உருளையில் தாளை உலர்த்த கிராம்ப்டன் உரிமை பெற்றது 1820இல். இரு உருளைகளுக்கு நடுவே கண்ணிமைக்கும் முன் முடிந்துவிடும் அழுத்தத்தைச் சற்று நீட்டிக்கும் அகன்ற 'ஷூ பிரஸ்' அமெரிக்க ஆலைகளுக்கு வந்ததோ 1980 வாக்கில். கைக்காகிதக்காரர் எப்போதும் செய்துவந்த நிதானத்தை இயந்திரம் கற்க இத்தனை காலம் ஆயிற்று.

கரூர் காகிதபுரத்தில் 1984இல் உற்பத்தி தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையை நம்பி எழுந்தது. சக்கைக்குள் இருக்கும் பஞ்சு போன்ற சோற்றி நீரை விடாது. அதை முன்கூட்டியே நீக்கினால்தான் பிரஸ் உருப்படியாக வேலை செய்யும். ஆக, பிழிதல் கூழிலேயே தொடங்கிவிடுகிறது.

சிறு கைக்காகிதக் கூடங்களுக்கு உதவ முன்வரும் கதர் வாரியமும் வங்கிகளும், உலர்த்தும் அறைக்குக் கடன் கொடுக்கும் முன் நல்ல ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்கும் நீர் உறிஞ்சும் கம்பளித் துணிக்கும் கொடுக்கட்டும்.